வாசகர் கேள்வி பதில்: பிட்யூட்டரிக் கட்டியும் அதனோடு வாழ்பவர்களும்

ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் பிட்யூட்டரிக் கட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும், பல கட்டிகளுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது என்பதும் அக்குறிப்பின் சாரம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களின் அச்சத்தைவிட, ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களின் குழப்பமே மிகுதியாக இருந்தது. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு சுரப்பிக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்கள் தம் உடல்நிலையை விரிவாகச் சொல்லியிருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. நெடுநாள் தலைவலிக்காக எம்ஆர்ஐ எடுத்ததில், பிட்யூட்டரி சுரப்பியில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. ‘மூளைக் கட்டி’ என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறார்கள். உடனே அகற்றிவிடுவதுதானே நல்லது?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், மூக்கின் உட்பகுதிக்குப் பின்னால் உள்ள எலும்பின் சிறு குழிக்குள் அமர்ந்திருக்கும், சுமார் அரை கிராம் எடையுள்ள சுரப்பி. இத்தகைய கட்டி தோன்றுவது அச்சுரப்பியின் திசுவில்தான். மூளைத் திசுவில் அன்று. இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளையும் ஸ்கேன் ஆய்வுகளையும் தொகுத்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 16.7 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, இவ்வகைக் கட்டி இருக்கக்கூடும் என்று கணித்தது. ஆனால் பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் வீடுவாரியாகக் கணக்கெடுத்தாற்போல் நுணுக்கமாக நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், உடலுக்குத் தொல்லை தந்து மருத்துவரிடம் கொண்டுவந்த கட்டிகள் ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கே இருந்தன. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளியில் இருப்பவர்கள், தமக்குக் கட்டி இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள். உங்களுக்குத் தலைவலி வந்திராவிட்டால் நீங்களும் அவர்களில் ஒருவராக இருந்திருப்பீர்கள்.

கட்டியைக் கண்டதும் மருத்துவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று: இது ஏதேனும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறதா, நல்ல சுரப்பித் திசுவை நசுக்கிச் சுரப்பைக் குறைத்துவிட்டதா, மேலே செல்லும் பார்வை நரம்புகளைத் தொடுகிறதா. 10 மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டி பார்வை நரம்பை எட்டுவது அரிது. சுரப்பைக் குறைப்பதும் அரிது. எனவே உங்களுக்கு முதலில் தேவைப்படுபவை, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோனின் மிகுதியைக் காட்டும் ஐஜிஎஃப்-1 ஆகிய இரத்தப் பரிசோதனைகளும், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளின் ஹார்மோனான கார்டிசாலின் மிகுதிக்கான அறிகுறிகள் ஏதேனும் தென்பட்டால் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை இரவில் கொடுத்து மறுநாள் காலை கார்டிசாலை அளக்கும் சோதனையும்தான். இவை சரியாக இருந்தால், ஓராண்டு கழித்து மறுபடியும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பதே வழக்கம். இவ்வளவு சிறிய கட்டிகளில் பெரும்பாலானவை வளர்வதில்லை.

தலைவலிக்குக் காரணம் இந்தக் கட்டியாக இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். எனவே அதற்குத் தனியாக மருத்துவம் பாருங்கள். கட்டியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஒற்றைத் தலைவலியைக் கவனிக்காமல் விட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிட்யூட்டரிக் கட்டி உள்ள ஒருவருக்குத் திடீரென்று, முன்பு அறியாத கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல் ஆகியவை சேர்ந்து வந்தால், கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். பெரிய கட்டிகளில்தான் இது மிகுதி என்றாலும், அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை அது.

கேள்வி: எங்கள் மகளுக்கு வயது 26. மாதவிடாய் நின்றுபோய், மார்பிலிருந்து பால் போன்ற நீர் கசிந்தது. புரோலாக்டின் மிகவும் கூடியிருப்பதாகவும், 8 மில்லிமீட்டர் கட்டி இருப்பதாகவும் சொல்லி, வாரத்திற்கு இருமுறை ஒரு மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். கட்டிக்கு மாத்திரை போதுமா? பின்னாளில் அவளால் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: இரண்டிற்கும் ‘ஆம்’ என்றே பெரும்பாலும் சொல்லலாம். பிட்யூட்டரியில் புரோலாக்டினைச் சுரக்கும் அணுக்களை இயல்பாகக் கட்டுக்குள் வைத்திருப்பது மூளையிலிருந்து வரும் டோபமின். கேபர்கோலின், புரோமோகிரிப்டின் போன்ற மருந்துகள் அந்த டோபமினின் வேலையைச் செய்கின்றன. இரத்தத்தில் புரோலாக்டின் குறைவதோடு நில்லாமல், கட்டியின் அணுக்களே சுருங்கிக் கட்டியும் சிறிதாகிறது. மனிதரிடம் புரோலாக்டின் என்பது வளர்ச்சி ஹார்மோனிலிருந்து வேறான ஒன்று என்பதே 1970-களின் தொடக்கத்தில்தான் உறுதிப்பட்டது. அதற்கு முன்பு இதே நோயுடன் வந்த பெண்ணுக்கு அறுவை சிகிச்சையைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படியான வழி எதுவுமில்லை.

மாத்திரையைத் தொடங்குமுன் வேறு காரணங்கள் விலக்கப்பட்டனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருத்தரிப்பு, தைராய்டு குறைவு, வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் ஆகிய எல்லாமே புரோலாக்டினைக் கூட்டும். கட்டியும் இருந்து, இப்படிப்பட்ட மருந்தும் உட்கொண்டுகொண்டிருந்தால் எதனால் கூடியது என்று பிரித்தறிவது எளிதன்று. மனநல மருந்தை மட்டும் நீங்களாக ஒருபோதும் நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதித் தந்த மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரையை இரவில், உணவுடன் உட்கொண்டால் குமட்டலும் தலைசுற்றலும் குறையும். சிலருக்கு இம்மருந்து, தம்மை அடக்கிக்கொள்ளும் ஆற்றலைத் தளர்த்திவிடுவதுண்டு: தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவிப்பது, சூதாட்டத்தில் இறங்குவது, பாலுணர்வு மிகுவது என்று அது வெளிப்படும். நோயாளி இதைத் தன் குணமாகவே எண்ணி மறைத்துவிடுவதால், மருந்தின் இந்த விளைவை உடன் வாழ்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது என் வழக்கம். மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ இது பெரும்பாலும் நீங்கிவிடும்.

கருத்தரிக்க விரும்பும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறு கட்டியாக இருந்தால், கரு உறுதியானதும் மாத்திரையை நிறுத்திவிடுவது வழக்கம்; கர்ப்பகாலத்தில் இத்தகைய சிறு கட்டி தொல்லை தருமளவுக்கு வளர்வது நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் மட்டுமே. கர்ப்பத்தில் புரோலாக்டின் தானாகவே உயரும் என்பதால் அதை அளந்து கவலைப்படுவதில் பயனில்லை. தலைவலியையும் பார்வையையும் கவனித்தால் போதும். பிறந்த குழந்தைக்குப் பாலூட்டலாம். குறைந்தது இரண்டாண்டுகள் புரோலாக்டின் இயல்பாக இருந்து, கட்டியும் நன்கு சுருங்கியிருந்தால் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் நிறுத்தியவர்களில் பலருக்கு அது மீண்டும் கூடுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் மருந்தோடு வாழ விரும்பாத இளம் வயதினருக்கு, சிறு கட்டியைத் தேர்ந்த கைகள் அகற்றித் தருவதையும் ஒரு முதல் வழியாகவே முன்வைக்கலாம் என்று 2023-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் கருத்தொருமிப்பு சொல்கிறது. மாத்திரைதான் முதலும் முடிவும் என்று பல பத்தாண்டுகள் இருந்த நிலை, நோயாளிகளின் விருப்பத்தைக் கேட்கத் தொடங்கியபின் அசைந்திருக்கிறது.

ஆண்களுக்கும் இந்நோய் வரும். மாதவிடாய் என்ற எச்சரிக்கை மணி அவர்களுக்கு இல்லை. ஆண்மைக் குறைவை வெளியே சொல்லவும் தயங்குகிறார்கள். அதனால் கட்டி பார்வை நரம்பைத் தொடும் அளவுக்கு வளர்ந்த பிறகே பலரும் வந்து சேர்கிறார்கள்.

கேள்வி: எனக்கு அக்ரோமெகாலி என்று 46-ஆம் வயதில் கண்டுபிடித்தார்கள். விரலில் மோதிரம் ஏறாமல் போய், செருப்பின் அளவு கூடிப் பத்தாண்டுகள் ஆகின்றன. அதற்கிடையில் சர்க்கரை, இரத்த அழுத்தம், குறட்டை, மணிக்கட்டு மரமரப்பு என்று தனித்தனி மருத்துவர்களிடம் போய்வந்தேன். ஒருவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி? என் பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்: பிட்யூட்டரிக் கட்டி வளர்ச்சி ஹார்மோனை மிகுதியாகச் சுரப்பதால் கைகால்களும் முகமும் மெல்லப் பெருக்கும் நோயே அக்ரோமெகாலி. நீங்கள் எழுதியுள்ள நான்கு தொல்லைகளும் தனித்தனியே மிகச் சாதாரணமானவை, நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. முகம் மாறுவதும் மிக மெதுவாக நடப்பதால், நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. நீண்ட நாள் கழித்துச் சந்திக்கும் நண்பரோ, கீழ்ப்பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுந்திருப்பதைக் கவனிக்கும் பல் மருத்துவரோ முதலில் ஐயுறுவது இதனால்தான். உலகெங்கும் இந்நோயைக் கண்டறிய ஐந்து முதல் பத்தாண்டுகள் தாமதமாவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஐஜிஎஃப்-1 என்ற ஒரேயொரு இரத்தப் பரிசோதனை போதும், ஐயத்தை வலுப்படுத்த. அதைக் கேட்டு எழுத வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. மணிக்கட்டு நரம்பு அழுத்தத்திற்காகவும் குறட்டைக்காகவும் வருபவர்களிடம் கைகளை ஒரு நிமிடம் ஊன்றிப் பார்க்குமாறு மற்றத் துறை மருத்துவர்களைப் பழக்குவதே, விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விடப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லுமுன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரர், சுமார் ஏழரை அடி உயரத்தைக் காட்டியே லண்டனில் பிழைத்தவர், 1783-இல் தம் 22-ஆம் வயதில் இறந்தார். தம் உடலை அறுப்பவர்களின் கையில் சேராமல் கடலில் இட வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். ஆனால் உடற்கூறியலாளர் ஜான் ஹன்டர் அவ்வுடலைக் கைப்பற்றி எலும்புக்கூட்டைக் காட்சிப்பொருளாக்கினார். 1909-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறக்கச் செய்து பார்த்தபோது, பிட்யூட்டரி அமர்ந்திருக்கும் குழி பெரிதாக விரிந்திருந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், அவருடைய பற்களிலிருந்து டிஎன்ஏ எடுக்கப்பட்டது. ஏஐபி என்ற மரபணுவில் அவருக்கு இருந்த அதே மாற்றம், இன்றைய வட அயர்லாந்தில் இந்நோயுள்ள நான்கு குடும்பங்களிலும் இருப்பதாக 2011-இல் வெளியிட்டார்கள். அவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு முன்னோர் ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. இந்த அறிவால் அக்குடும்பங்களின் இளையோர் முன்கூட்டியே பரிசோதிக்கப்படுகிறார்கள். எனினும், இணக்கம் தராத ஒருவரின் உடலிலிருந்து அது கிடைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. புதுப்பிக்கப்பட்டு 2023-இல் மீண்டும் திறந்த, ஹன்டரின் சேகரிப்பு உள்ள லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம், எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து நீக்கிவிட்டது. ஆனால் ஆராய்ச்சிக்காக வைத்துக்கொண்டிருக்கிறது. அவர் கேட்ட கடல் இன்னும் கிடைக்கவில்லை என்று வருந்துவோர் பக்கமே நானும் நிற்கிறேன்.

பிட்யூட்டரிக் கட்டிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு பரம்பரையாக வருபவை அல்ல. கட்டி இளம் வயதிலேயே, குறிப்பாக 30 வயதுக்குள் பெரிதாகத் தோன்றியிருந்தாலோ, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தாலோ, இரத்தத்தில் கால்சியம் கூடியிருந்தாலோதான் மரபணுப் பரிசோதனைக்குப் பொருளுண்டு. இவை எதுவும் இல்லையென்றால் பிள்ளைகளைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

கேள்வி: கைப்பேசியை அதிகம் பயன்படுத்தியதால்தான் இந்தக் கட்டி வந்ததா? எந்த உணவைச் சாப்பிட்டால் கரையும்?

பதில்: கைப்பேசியால் வருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. எந்த உணவும் இதைக் கரைப்பதில்லை. சத்து மாத்திரைகள் உட்கொள்பவராக இருந்தால், பயோட்டின் கலந்தவற்றைப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்; ஹார்மோன் அளவுகளைச் சில கருவிகள் தவறாகக் காட்ட அது காரணமாகிறது.

கேள்வி: குஷிங் நோய்க்காக எனக்கு அறுவை சிகிச்சை நடந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. கட்டி முழுதும் எடுக்கப்பட்டுவிட்டது, கார்டிசால் இறங்கிவிட்டது, குணமாகிவிட்டீர்கள் என்கிறார்கள். ஆனால் மாடிப்படி ஏற முடியவில்லை, மூட்டெல்லாம் வலிக்கிறது, எதிலும் மனம் நிலைக்கவில்லை. நான் சோம்பலுக்குச் சாக்குத் தேடுவதாக வீட்டில் நினைக்கிறார்கள். எனக்கே இப்போது ஐயமாக இருக்கிறது.

பதில்: ஐயம் வேண்டாம். வந்த கடிதங்களில் இது போன்றவையே அதிகம். மருத்துவர்கள் காலம் தாழ்த்திக் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே.

உங்கள் உடலில் நடப்பது இதுதான். கட்டி பல ஆண்டுகளாக, அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை அள்ளிக் கொட்டியதால், அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலைப் பெருக்கிக்கொண்டே இருந்தன. அந்தக் காலத்தில் பிட்யூட்டரியின் நல்ல அணுக்கள் வேலையின்றி உறங்கிவிட்டன. கட்டி போன மறுநாள் கார்டிசால் சட்டென்று தரைமட்டத்துக்கு இறங்குகிறது. மருத்துவருக்கு அது வெற்றியின் அறிகுறி. நோயாளிக்கோ அது துன்பத்தின் தொடக்கம். உறங்கிய அணுக்கள் விழிக்க ஆறு மாதமோ, ஓராண்டோ, சிலருக்கு அதற்கும் மேலோ ஆகும். அதுவரை, கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் சமாளிக்கிறோம். ஆனால் மிகுதிக்குப் பழகிப்போன உடலுக்கு இயல்பான அளவே பற்றாக்குறையாகப் படுகிறது. மூட்டுவலி, தோல் உரிதல், பசியின்மை, காரணமற்ற அழுகை, பட்ட மரம் போன்ற சோர்வு எல்லாம் இந்த விலகல் காலத்திற்கு உரியவை. நோய் இருந்த நாளைவிட இப்போது மோசமாக இருக்கிறதே என்று கேட்காத நோயாளி அரிது.

தொடைத் தசைகளைக் கார்டிசால் கரைத்திருக்கும். அவை திரும்ப ஓராண்டுக்கு மேலாகலாம், முயற்சியின்றித் திரும்புவதுமில்லை. உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவதிலிருந்து தொடங்குங்கள். நினைவாற்றலும் மனநிலையும் அப்படித்தான். நீண்ட காலம் கார்டிசால் மிகுந்திருந்தவர்களின் மூளையில் சில பகுதிகள் சுருங்கியிருப்பதையும், சிகிச்சைக்குப் பின் அவை ஓரளவு மட்டுமே மீள்வதையும் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவ்வளவும் தெரிய வந்ததற்குக் காரணம், இரத்த எண்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நோயாளிகளிடமே வாழ்க்கைத் தரத்தைப் பற்றிக் கேட்கும் வினாப்பட்டியல்களை அக்ரோமெகாலிக்கும் குஷிங் நோய்க்கும் தனித்தனியே உருவாக்கியதுதான். எண்கள் இயல்புக்கு வந்தபின்னும் நோயாளிகளின் மதிப்பெண் உடல்நலமுள்ளவர்களின் நிலையை எட்டுவதில்லை என்பதை அவை ஆண்டுதோறும் உறுதிப்படுத்துகின்றன. இந்த விடையைப் பெற மருத்துவம் இவ்வளவு காலம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. கேட்டிருந்தால் எந்த நோயாளியும் முதல் நாளே சொல்லியிருப்பார்.

ஆயினும் எல்லாவற்றையும் ‘போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடவும் கூடாது. அடுத்த முறை செல்லும்போது மூன்றைக் கேளுங்கள். முதலாவது தைராய்டு: பிட்யூட்டரி பழுதுபட்டவர்களுக்கு, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச் இயல்பாக இருப்பதை வைத்துத் தைராய்டு நன்றாக உள்ளது என்று சொல்லிவிட முடியாது, தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். இரண்டாவது, பாலின ஹார்மோன்களும் வளர்ச்சி ஹார்மோனும் குறைந்திருக்கின்றனவா என்பது. மூன்றாவது மனச்சோர்வு, அது இருந்தால் அதற்குரிய சிகிச்சை தனியே தேவை.

மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரண்டு அல்லது மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம். நீங்கள் ஸ்டீராய்டைச் சார்ந்திருப்பவர் என்று எழுதிய அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். இந்தப் பத்தியைக் கத்தரித்து வீட்டில் உள்ளவர்களிடம் கொடுங்கள், முந்தைய இரண்டு பத்திகளையும் சேர்த்தே.

கேள்வி: என் தந்தைக்கு வயது 62. பக்கவாட்டில் வருபவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கண் மருத்துவரிடம் போக, 25 மில்லிமீட்டர் அளவில் பிட்யூட்டரிக் கட்டி இருப்பது தெரிந்தது. மூக்கு வழியாக எடுக்கலாம் என்கிறார்கள். இது பாதுகாப்பானதா? பார்வை திரும்புமா?

பதில்: அறுவை சிகிச்சைக்கு முன் புரோலாக்டின் பார்த்தார்களா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இவ்வளவு பெரிய கட்டி புரோலாக்டின் வகையாக இருந்தால் கத்தியே தேவைப்படாமல், மாத்திரையாலேயே சில வாரங்களில் பார்வை தெளிவதுண்டு. மிக மிக அதிகமான புரோலாக்டினைச் சில ஆய்வகக் கருவிகள் குறைவாகக் காட்டிவிடும் என்பதால், பெரிய கட்டி உள்ளவர்களின் இரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி அளப்பது நல்ல ஆய்வகங்களின் பழக்கம்.

அது இல்லையென்று உறுதியானால், மூக்கு வழி அறுவைதான் ஏற்ற வழி. 1907-இல் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்பவர் முதன்முதலில் இப்பாதையில் சென்றார். குஷிங்கும் இவ்வழியில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்துவிட்டுப் பிற்காலத்தில் மண்டையைத் திறக்கும் முறைக்கே திரும்பினார்; பெரும்பாலோர் அவரைப் பின்பற்றிவிட்டார்கள். எடின்பரோவில் நார்மன் டாட் என்ற அவருடைய மாணவர் ஒருவர் மட்டும் விடாமல் செய்துவந்தார். அவரிடமிருந்து பாரிஸின் ஜெரார் கியோவும், கியோவிடமிருந்து மான்ட்ரியலின் ஜூல்ஸ் ஹார்டியும் கற்றார்கள். 1960-களில் ஹார்டி அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்தபின், நல்ல சுரப்பியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பது சாத்தியமாயிற்று. இன்று பெரும்பாலும் எண்டாஸ்கோப் பயன்படுகிறது. கையிலிருந்து கைக்கு வந்த இந்தக் கலையில் பழக்கமே முதன்மை. ஆகவே, ‘ஆண்டுக்கு இத்தகைய அறுவைகள் எத்தனை செய்கிறீர்கள்?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். நிறையச் செய்யும் இடங்களில் சிக்கல்கள் குறைவு என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது.

பார்வை நரம்பின் மீதான அழுத்தம் நீங்கியதும் பெரும்பாலோருக்குப் பார்வை தேறுகிறது, சிலருக்குச் சில நாள்களிலேயே. அழுத்தம் எவ்வளவு காலம் இருந்தது என்பதைப் பொறுத்தது அது; தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம், உடனே தெரிவியுங்கள். அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும், உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் குறைந்ததன் அடையாளம். அதற்கு நேர்மாறாக, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துச் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலியும் தடுமாற்றமும் வரும். எல்லாம் முடிந்து வீடு திரும்பியாயிற்று என்று அயர்ந்திருக்கும் நேரத்தில் வருவதால் ஏழாம் நாள் வாக்கில் சோடியம் பார்ப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐதான் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லும்.

கேள்வி: எனக்கு அகற்றிய கட்டியின் பயாப்ஸி அறிக்கையில் ‘நியூரோஎண்டோகிரைன் கட்டி’ என்று எழுதியிருக்கிறது. தேடிப் பார்த்தால் புற்றுநோய் என்று வருகிறது. அடினோமா என்றல்லவா சொன்னார்கள்?

பதில்: இரண்டும் ஒரே கட்டிதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு, சுரப்பித் திசுவின் சாதுவான கட்டியைக் குறிக்கும் ‘அடினோமா’ என்ற பழைய பெயரின் இடத்தில் இதைக் கொண்டுவந்தது. உங்களைப் போன்றவர்கள் காரணமின்றி அஞ்சுவார்கள் என்று சொல்லி, அதை எதிர்த்த பிட்யூட்டரி வல்லுநர்களும் பலர். உடலின் வேறிடங்களுக்குப் பரவும் பிட்யூட்டரிப் புற்றுநோய், இக்கட்டிகளில் ஒரு விழுக்காட்டிலும் மிகக் குறைவு.

அறிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. பிட்-1, டிபிட், எஸ்எஃப்-1 என்ற மூன்று புரதங்களில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்பது, கட்டி எந்த அணுக் குடும்பத்திலிருந்து வந்தது என்று சொல்லும். ஹார்மோன் எதையும் வெளியே காட்டாத கட்டிகளில் பெரும்பாலானவை எஸ்எஃப்-1 வகை, பொதுவாகச் சாதுவானவை. டிபிட் காட்டியும் ஹார்மோனை வெளிக்காட்டாத கட்டி திரும்ப வளர வாய்ப்பு கூடுதல் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுப்போம். கேஐ-67 என்பது அணுக்கள் பெருகும் வேகம். அறிக்கையின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். பத்தாண்டு கழித்தும் அது தேவைப்படும்.

கேள்வி: அக்ரோமெகாலிக்காக மாதம் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் சேர அழைக்கிறார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கிடைக்கவும் கூடுமாம். சேரலாமா? இத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தும் புதிய மருந்துகள் ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனித பிட்யூட்டரிக் கட்டியின் அணுக்கள் ஆய்வகக் குடுவையில் நெடுநாள் பெருகுவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் எலிகளிலிருந்து பெற்ற அணுக்களையே பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கிறார்கள். நாய்களுக்குக் குஷிங் நோய் மனிதரைவிடப் பன்மடங்கு மிகுதியாக வருவதால், கால்நடை மருத்துவர்களின் அனுபவமும் பயன்படுகிறது. குஷிங் கட்டிகளில் கணிசமானவற்றில் யுஎஸ்பி8 என்ற மரபணு மாறியிருப்பது 2015-இல் தெரியவந்தது. ஆனால் காரணம் தெரிவதற்கும் மருந்து கிடைப்பதற்கும் இடையே நீண்ட தொலைவு. பக்கத்துப் பகுதியிலேயே தோன்றும் கிரேனியோஃபாரின்ஜியோமா என்ற வேறொரு கட்டியின் ஒரு வகையில் அத்தொலைவு விரைவாகக் கடக்கப்பட்டது. அதில் பிஆர்ஏஎஃப் மரபணு மாற்றம் இருப்பது தெரிந்து, தோல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே இருந்த இரு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது, 16 பேரில் 15 பேருக்குக் கட்டி பெரிதும் சுருங்கியதாக 2023-இல் அறிவித்தார்கள்.

பதினாறு பேர்தானா என்று கேட்பீர்கள். அரிய நோயில் அதுவே பெரிய எண். அக்ரோமெகாலிக்கான ஆக்ட்ரியோடைட் மருந்தை ஊசிக்குப் பதில் வாய்வழியாகக் கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 56 பேர். அவர்களை நம்பித்தான் அமெரிக்க மருந்து ஒழுங்கு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் அதற்கு அனுமதி தந்தது. இதே நோய்க்கான பால்டுசோடின் என்ற மாத்திரைக்கு 2025-இல் கிடைத்த அனுமதியும் இத்தகைய சிறு குழுக்களின் தயவால்தான். அந்த வகையில், இத்துறையில் ஒரு நோயாளியின் இணக்கத்துக்கு உள்ள எடை, சர்க்கரை நோய் போன்றவற்றில் காணாதது.

ஆனால் அதற்காகச் சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இவ்வகை ஆய்வில் வெற்று மாத்திரை கிடைப்பவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் மெல்ல ஏறும்; தலைவலி, வியர்வை, மூட்டுவலி திரும்பலாம். மேற்சொன்ன வாய்வழி ஆக்ட்ரியோடைட் ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் ஐஜிஎஃப்-1 கட்டுக்குள் நின்றது. நிலை மோசமானவர்கள் உடனே பழைய ஊசிக்குத் திரும்ப ஏற்பாடு இருந்தது. உங்களுக்கும் அது உண்டா, எந்த அளவைத் தாண்டினால், யார் முடிவு செய்வார் என்று கேளுங்கள். கட்டியின் மீதி பார்வை நரம்பை ஒட்டி இருக்கிறது என்றால் சேராதீர்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தடைபடாது என்பது படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட உடனே நெருக்கினால் அதுவே மறுக்கப் போதிய காரணம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, உங்களைப் பார்த்துவரும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலர் கேட்க மறந்துவிடும் ஒன்று உண்டு: ஆய்வு முடிந்தபின், மாத்திரை உங்களுக்கு ஒத்துப்போயிருந்தால், அது விற்பனைக்கு வரும்வரை தொடர்ந்து கிடைக்குமா, அதன் செலவு யாருடையது என்பது. இதற்கு எழுத்தில் பதில் பெற்ற பிறகு கையெழுத்திடுங்கள்.